அப்பாவுக்கு முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்: எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதைத் தள்ளிவைப்பது?

மூத்தமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 77. இடுப்பு வலிக்கிறது என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சிறுநீர் கழிக்கவும் சிரமப்படத் தொடங்கியதால் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும் புரதம்) அளவு 412 என்று வந்தது. பயாப்ஸியில், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் பத்துக்கு 4+5=9. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்புகள், வலது தொடை எலும்பின் மேற்பகுதி ஆகிய இடங்களில் நோய் பரவியிருப்பதாக எலும்பு ஸ்கேன் காட்டுகிறது. கல்லீரலும் நுரையீரலும் பாதிக்கப்படவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மற்றபடி தன் வேலைகளையெல்லாம் தானே செய்துகொள்பவர்.

ஹார்மோன் ஊசியை உடனே தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனுடன் மாத்திரை சேர்ப்பதா, கீமோ சேர்ப்பதா, இரண்டையும் சேர்ப்பதா என்பதைக் குடும்பமாகக் கலந்து பேசி அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள் என்றார். இங்கேதான் எங்கள் வீடு பிளவுபட்டு நிற்கிறது. இருக்கிற சிகிச்சை அனைத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது தம்பியின் நிலை. புரோஸ்டேட்டை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்கிறான். இந்த வயதில் அவரை ஏன் வதைக்க வேண்டும் என்கிறாள் தங்கை. இது புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அப்பாவுக்கு இப்போது தெரிந்ததெல்லாம் "புரோஸ்டேட் வீக்கம், எலும்பிலும் கொஞ்சம் பிரச்சினை" என்பது மட்டும்தான்.

இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற_செவிலியர் எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றியவள் நான். மருத்துவர் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள், அம்மா.

முதலில், ஹார்மோன் சிகிச்சையைத் தம்பிக்கும் தங்கைக்கும் இடையிலான வழக்கில் சேர்க்காதீர்கள். புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பி வளர்பவை. அதை வற்றச் செய்தால் நோய் பின்வாங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்கும் பரவிய நிலையில் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். வலி குறைவதும் சிறுநீர்ப் பாதை திறப்பதும் பெரும்பாலும் இதனால்தான் நடக்கின்றன. வதைக்க வேண்டாம் என்று நினைக்கும் உங்கள் தங்கைக்கும் இது ஏற்புடைய சிகிச்சையாகத்தான் இருக்கும். கொடுக்காமல் விடுவதுதான் அவருக்கு வேதனையைக் கூட்டும்.

ஆனால் எந்த ஊசி என்று கேளுங்கள். லியூப்ரோலைடு, கோசெரலின் போன்றவை முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைச் சற்று உயர்த்திவிட்டு, அதன் பிறகே இறக்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்தாக முடியலாம் என்பதால் முன்கூட்டியே பைகலூட்டமைடு மாத்திரையைக் கொடுப்பார்கள், அல்லது அந்த ஏற்றமே இல்லாத டெகாரெலிக்ஸ் ஊசியைத் தேர்ந்தெடுப்பார்கள். ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரையும் அவ்வகையைச் சேர்ந்ததுதான். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர் என்பதையும் ஊசியை முடிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றித் தம்பி கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எலும்பில் சில இடங்களில் மட்டும் பரவியவர்களுக்கு, நோயின் மூலமான புரோஸ்டேட்டில் கதிர்வீச்சு கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று ஸ்டாம்பீட் ஆய்வு 2018இல் காட்டியது. பல இடங்களில் பரவியவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. முதுகெலும்பு, இடுப்பு ஆகியவற்றுக்கு அப்பால் விலாவிலும் தொடை எலும்பிலும் இருப்பதால் உங்கள் அப்பா இரண்டாவது வகையில் வருவார் என்றே தோன்றுகிறது. மூலத்தை வெட்டி எடுத்தால் மற்ற இடங்களில் இருப்பது போய்விடாது என்பதைத் தம்பியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். புதிதாகத் தோன்றும் கடுமையான முதுகு வலி, படுத்தால் கூடும் வலி, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற வலி, கால் தளர்வது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. அது முதுகுத் தண்டு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஸ்டீராய்டு கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டிய அவசரநிலை அது. நடந்து வருபவரின் நடையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். கால் விழுந்த பிறகு வருபவருக்கு அதை மீட்டுக் கொடுப்பது கடினம்.

நடைப்பயணி எழுதியது:

என் தந்தை 69 வயதில் ஹார்மோன் ஊசியுடன் டோசிடாக்சல் கீமோ எடுத்துக்கொண்டார். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. 2015இல் வெளியான சார்டெட் ஆய்வில் ஊசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 44 மாதங்கள், டோசிடாக்சலும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 57.6 மாதங்கள் என்று வந்தது. நோய் அதிகம் பரவியவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் மருத்துவர் இந்த எண்களைச் சொன்னபோது இடைநிலை என்றால் என்ன என்பதையும் விளக்கினார்: பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள், பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள் என்பது மட்டுமே அதன் பொருள், உங்கள் தந்தை எந்தப் பாதியில் இருப்பார் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்கிறேன். மருந்து ஏறிய நாளும் மறுநாளும் ஸ்டீராய்டின் தயவால் சுறுசுறுப்பாக இருப்பார். மூன்றாம் நாளிலிருந்து உடல் சரியும். வாயில் ருசி செத்துவிடும். இரண்டாம் வாரத்தில் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும்; அப்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தலைமாட்டில் வெப்பமானியும் ஒரு சிறு நோட்டும் இருக்கும். காலையும் மாலையும் அவரே அளந்து, தேதி போட்டு, பென்சிலால் எழுதி வைப்பார். மூன்றாம் வாரத்தில் எழுந்து நடமாடி, பழைய மனிதராகத் தெரிவார். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். விரல் நுனிகளில் மரப்பு வந்தது. கால் விரல்களில் அது முழுவதும் போகவில்லை. சட்டைப் பொத்தான் போட நெடுநாள் சிரமப்பட்டார்.

இத்தனைக்கும் பிறகு, மறுபடி வாய்ப்பு வந்தால் இதே முடிவைத்தான் எடுப்பேன் என்று அவரே சொல்கிறார். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் உண்டு. சர்க்கரையால் பாதத்தில் ஏற்கெனவே மரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டோசிடாக்சல் அதை மோசமாக்கக்கூடும்.

அலைகடல் எழுதியது:

நடைப்பயணி ஐயா சொன்னது உண்மை அனுபவம். ஆயினும் அந்த ஆய்வுக்குப் பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான மருத்துவர்கள் ஊசியுடன் டோசிடாக்சலை மட்டும் கொடுப்பதில்லை. ஊசியும் புதிய தலைமுறை மாத்திரை ஒன்றும் என்பதே பலருக்கும் வழக்கமான சிகிச்சை. நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கும் நோய் அதிகம் பரவியவர்களுக்கும் ஊசி, மாத்திரை, டோசிடாக்சல் என மூன்றையும் சேர்க்கிறார்கள். அராசென்ஸ் ஆய்வில் (2022) ஊசியும் டோசிடாக்சலும் பெற்றவர்களுக்கு டாரோலூட்டமைடையும் சேர்த்தபோது இறப்பு அபாயம் 32 சதவீதம் குறைந்தது. ஆகவே கீமோ மட்டுமா என்று கேட்காதீர்கள். மாத்திரையோடு கீமோவையும் தாங்கும் உடலா என்று கேளுங்கள்.

என் மாமனாருக்கு 81 வயதில் மாத்திரை மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். மாத்திரைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அபிராட்டெரோனை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கூடவே பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் தினமும் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். ஈரல் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். ஸ்டீராய்டு என்பதால் சர்க்கரையும் ஏறக்கூடும். என்சலூட்டமைடுக்கு ஸ்டீராய்டு தேவையில்லை. ஆனால் அசதி அதிகம், முதியவர்கள் தடுமாறி விழுவது கூடும், அரிதாக வலிப்பும் வரும். அபலூட்டமைடில் தோல் தடிப்பும் தைராய்டுக் குறைவும் வரலாம். டாரோலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே போகிறது என்பதால் அந்த வகைத் தொல்லைகள் குறைவு. உணவோடு எடுக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காதது பழைய மருந்துகளுடன் ஏற்படும் மோதல். என்சலூட்டமைடும் அபலூட்டமைடும் சில ரத்த உறைவு எதிர்ப்பு மருந்துகளையும் கொழுப்பு மாத்திரைகளையும் உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். ஸ்டென்ட் வைத்தவர் அல்லவா? அவர் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள். வாயால் சொல்லும்போது ஒன்றிரண்டு விடுபட்டுவிடும்.

இளையவன் எழுதியது:

இங்கே எல்லோரும் மருந்துகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பெரியவரிடம் யாராவது கேட்டார்களா? எனக்கு இந்த இழையில் உறுத்துவது அதுதான்.

என் அப்பா 79 வயதில் ஊசி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். மாத்திரை வேண்டாம், கீமோ வேண்டாம். நாங்கள் வாதாடிப் பார்த்தோம். "வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை" என்றார். அந்த ஊசியே அவரை நீண்ட காலம் வலியில்லாமல் வைத்திருந்தது. பிறகு நோய் ஊசியை மீறியது. மருந்து சேர்த்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பாரா என்றால், இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர்தான், நான் அல்ல. சகோதரி, மன்னியுங்கள்: நோயின் பெயரே தெரியாத ஒருவருக்காக மூன்று பிள்ளைகள் கூடி வாக்கெடுப்பு நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூத்தமகள் எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம், ஐயா. ஆனால் சொன்னால் அவர் அன்றைக்கே மனம் ஒடிந்து படுத்துவிடுவார் என்று அம்மா உண்மையாகவே அஞ்சுகிறார். அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. எப்படிச் சொல்வது என்று யாராவது வழி காட்டினால் உதவியாக இருக்கும்.

வெண்பா எழுதியது:

இதை நான் என் தந்தையுடன் கடந்து வந்தேன். அம்மா சொல்வதை மறுத்துப் பேசாமல் அவரையும் கூட வைத்துக்கொண்டே செய்யலாம் என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்: "டாக்டர் சொன்னதிலிருந்து உங்களுக்கு என்ன புரிந்தது அப்பா?" பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதிய பலகையின் கீழேதானே உட்கார வைக்கிறோம்? என் தந்தை பதிலுக்குக் கேட்டது, "நீங்கள் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்பது. எங்களைக் காப்பாற்றுவதற்காக அவர் தெரியாதவர் போல் இருந்திருக்கிறார். அவரைக் காப்பாற்ற நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். "எல்லா விவரத்தையும் உங்களிடமே சொல்லட்டுமா, இல்லை முக்கியமானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை எங்களிடம் பேசட்டுமா?" என்பது நல்ல கேள்வி. சிலர் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதுவும் அவரது முடிவுதான். அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வதற்கும் கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நோயின் பெயரைச் சொல்லும் அதே அமர்வில், இதைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் இருக்கின்றன என்பதையும், வலிக்கு வழி உண்டு என்பதையும், தனியாக விடமாட்டோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். முழுவதும் குணமாகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு முறை பொய்யென்று தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

பிறகு அவருக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். நீண்ட ஆயுளா, வலியில்லாத நாட்களா, தன் கையால் தன் வேலையைச் செய்வதா, ஏதேனும் ஒரு நிகழ்வு வரை இருக்க வேண்டும் என்ற ஆசையா? அந்தப் பதிலை மருத்துவரிடம் கொண்டுபோனால் மாத்திரையா கீமோவா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் கிடைத்தது. எந்தச் சிகிச்சையானாலும் ஞாபகசக்தியும் நடையும் போகக் கூடாது என்றார் என் தந்தை. மருத்துவர் அதைக் கேட்டதுமே பட்டியலில் இருந்த ஒரு மருந்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற_செவிலியர் எழுதியது:

வெண்பா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இளையவனுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தந்தை எல்லாம் தெரிந்து வேண்டாம் என்றார், அதனால் அது மதிக்கத்தக்க முடிவு. ஆனால் 77 வயது என்பதால் மட்டுமே சிகிச்சையைக் குறைப்பது சரியில்லை. முதியோர் புற்றுநோய் மருத்துவத்தில் வயதைவிட அவருடைய நடை, எடை இழப்பு, நினைவாற்றல், கூட இருக்கும் நோய்கள், அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறன் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். ஜி8 என்ற எட்டுக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் குறை தெரிந்தால் விரிவான மதிப்பீடு செய்வார்கள். அதை உங்கள் மருத்துவமனையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, இன்றைக்கே எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். ஊசியைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் டோசிடாக்சலைச் சேர்ப்பதா என்பதற்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. சார்டெட் ஆய்விலேயே ஊசி தொடங்கி 120 நாட்களுக்குள் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊசியால் வலி தணிந்து, அவர் தெம்பாக எழுந்து உட்கார்ந்த பிறகு கீமோவைப் பற்றிப் பேசுவது, வலியில் சுருண்டு கிடக்கும்போது பேசுவதைவிட எவ்வளவோ மேல். இப்போது வேண்டாம் என்றால் பிற்பாடும் கிடைக்காது என்றில்லை. நோய் ஊசியை மீறும் கட்டத்திலும் டோசிடாக்சல் கொடுப்பார்கள். ஆனால் தள்ளிவைப்பதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கமாட்டேன். அந்தக் கட்டத்தில் கீமோவைத் தாங்கும் உடல்நிலை சிலருக்கு இருப்பதில்லை.

மூத்தமகள் எழுதியது:

கடந்த வாரம் முதல் ஊசி போட்டாயிற்று, டெகாரெலிக்ஸ்தான். போட்ட இடத்தில் வயிற்றுத் தோல் சிவந்து வீங்கியது, இரண்டு நாட்களில் வடிந்துவிட்டது. அம்மாவும் நானும் அப்பாவுடன் உட்கார்ந்து பேசினோம். அம்மாவையே முதலில் பேசச் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எலும்பில் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அம்மா அஞ்சியது போல அவர் படுத்துவிடவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஊசியின் பக்கவிளைவுகளைப் பற்றி அவர் கேட்கிறார். மருத்துவர் அவசரத்தில் சிலவற்றை மட்டும் சொன்னார்.

ஓய்வுபெற்ற_செவிலியர் எழுதியது:

நல்ல செய்தி, அம்மா. அவர் கேள்வி எழுதுகிறார் என்றாலே பாதி பாரம் இறங்கியது.

திடீரென்று உடல் சூடேறி வியர்த்துக் கொட்டும். இரவில் அதிகம் வரும், தூக்கத்தைக் கெடுக்கும். அசதி வரும். தசை குறையும், வயிற்றில் கொழுப்பு சேரும், சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் ஏறும்; அவருடைய சர்க்கரை மருந்தை மாற்றியமைக்க வேண்டிவரலாம். தாம்பத்திய விருப்பம் குறையும். இதை யாரும் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார். மருத்துவர் அவரோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள். மனச்சோர்வும் எரிச்சலும் வரலாம். காரணமில்லாமல் கண் கலங்குவார். அது மருந்தாலும் வருவதுதான், அவரது மன உறுதி குறைந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இவற்றில் பலவற்றுக்கும் பயன் தருவது உடற்பயிற்சி. நடையோடு தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். ஆனால் தொடை எலும்பில் நோய் இருப்பதால், அந்த எலும்பு உடையும் நிலையில் இல்லை என்று மருத்துவர் படம் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். இயன்முறை மருத்துவர் காட்டிக்கொடுப்பதை மட்டும் செய்யட்டும்.

எலும்பைப் பற்றி இன்னொன்று. ஊசியே எலும்பைத் தேய்க்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். எலும்பைக் காக்கும் மருந்துகளான சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ கொடுக்கப் போவதாகச் சொன்னால், அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிப் புண் ஆறவிட்டுவிடுங்கள். அந்த மருந்துகளின்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து சிலருக்கு உண்டு.

நடைப்பயணி எழுதியது:

வலியைப் பற்றியும் கேளுங்கள். ஒரே இடத்தில் விடாமல் வலித்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு முறை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுப்பது பலருக்கும் வலியைக் குறைக்கிறது. அதற்காகப் பல வாரங்கள் அலைய வேண்டியதில்லை. மார்ஃபின் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்தோம். சரியான அளவில் கொடுத்தால் அது மயக்கிப் போட்டுவிடுவதில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெண்பா எழுதியது:

வலி தணிப்பு மருத்துவக் குழுவை இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்பேன். "இனி எதுவும் செய்வதற்கில்லை" என்று கைவிட்டவர்களை அனுப்பும் இடம் அது என்று பலர் நினைக்கிறார்கள். கீமோ எடுத்துக்கொண்டே அவர்களிடமும் போகலாம். அசதி, தூக்கமின்மை, மனக்கலக்கம், வீட்டில் இருப்பவர்களின் களைப்பு என எல்லாவற்றையும் அவர்கள்தான் உட்கார்ந்து கேட்டார்கள். உங்கள் அம்மாவுக்கும் பேச ஓர் ஆள் கிடைப்பார்.

மூத்தமகள் எழுதியது:

முடிவைப் பகிர்ந்துகொள்ள வந்தேன். அப்பாவே மருத்துவரிடம் பேசினார். எழுதிய தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதல் கேள்வியாக, "எத்தனை காலம்?" என்று கேட்டார். மருத்துவர் ஒற்றை எண்ணைச் சொல்லவில்லை. பலருக்கு இந்த நிலையில் ஆண்டுக் கணக்கில் பேசலாம், ஆனால் நோய் ஆறேழு மாதங்களில் எப்படிப் பணிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வது நேர்மையாக இருக்கும் என்றார். அப்போது பிஎஸ்ஏ 0.2க்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருந்தால் அது நல்ல அறிகுறி என்றும் சொன்னார்.

தனக்கு முக்கியம் எது என்று அப்பா சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று. கையெழுத்துப் போடவும் புத்தகம் திருப்பவும் விரல்கள் வேண்டும் என்றார். பாதத்தில் மரப்பு ஏற்கெனவே இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஆகவே டோசிடாக்சலை இப்போதைக்குத் தள்ளிவைத்து, ஊசியுடன் டாரோலூட்டமைடு தொடங்குவது என்று அவரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஸ்டீராய்டு தேவையில்லை என்பதும், அவருடைய இதய மருந்துகளில் கொழுப்பு மாத்திரை ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் காரணங்கள். மாத்திரை அட்டைகளைக் கொட்டிக் காட்டச் சொன்ன அலைகடலுக்கு நன்றி. நான் வாயால் சொல்லியிருந்தால் அந்த ஒன்றுதான் விடுபட்டிருக்கும்.

தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. கீமோவை விட்டுவிட்டோமே என்கிறான். "நான் விட்டேன், நீ விடவில்லை" என்று அப்பா அவனிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை; ஊசி நாட்களில் அழைத்துப் போவதைத் தானே ஏற்றுக்கொண்டான்.

மரபணுப் பரிசோதனை ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எதற்கு, எங்களுக்கும் தேவையா?

ஓய்வுபெற்ற_செவிலியர் எழுதியது:

கட்டாயம் செய்யுங்கள். பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள அனைவருக்கும் இதை இப்போது பரிந்துரைக்கிறார்கள். பிஆர்சிஏ2 போன்ற மரபணுவில் பழுது இருந்தால், பின்னாளில் நோய் ஊசியை மீறும்போது ஒலாபாரிப் போன்ற மருந்துகள் அவருக்குப் பயன்படலாம். அப்பாவிடம் அந்தப் பழுது பிறவியிலேயே இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்களுக்கும் தங்கைக்கும் மார்பகம், சூலகம் ஆகியவற்றில் கவனம் தேவைப்படும். தம்பிக்குப் பிஎஸ்ஏ பரிசோதனையை முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள். அப்பாவின் முடிவு வரும் வரை நீங்கள் யாரும் பரிசோதிக்க வேண்டியதில்லை. கட்டியில் மட்டும் பார்த்தார்களா, ரத்தத்திலும் பார்த்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குப் பதில் சொல்வது ரத்தத்தில் பார்ப்பதுதான்.

மூத்தமகள் எழுதியது:

ரத்தத்தில்தான் எடுத்திருக்கிறார்கள் என்று இன்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தங்கையிடமும் சொல்லிவிட்டேன். பல் மருத்துவரிடம் வரும் திங்கட்கிழமை போகிறோம். தொடை எலும்பின் படத்தை எலும்பு மருத்துவர் பார்த்த பிறகு பயிற்சியைத் தொடங்குவார்கள். மூன்றாம் மாதப் பிஎஸ்ஏ வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.